சம்பந்தி கை நனைக்காத வீடு

என் அப்பாவும் என் மாமனாரும் ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. இந்த வருஷம் வெயில் கொளுத்துகிறது என்று இவர் சொன்னால், போன வருஷம் இதைவிட மோசம் என்பார் அவர். இட்லிக்கு உளுந்து கூடுதலாகப் போட வேண்டுமா, பெண்பிள்ளைகளை வெளியூரில் தங்கிப் படிக்க அனுப்பலாமா, மேம்பாலம் யார் ஆட்சியில் வந்தது என்று எதை எடுத்தாலும் இருவரும் இரண்டு கட்சி. உண்மையிலேயே இரண்டு கட்சிதான். அப்பா கல்யாணத்துக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் தன் கட்சியின் கரை போட்ட வேட்டியில்தான் போவார். மாமனார் தன் கட்சித் துண்டைத் தோளிலிருந்து இறக்கி நான் பார்த்தது குளிக்கப் போகும்போது மட்டும்தான்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு திண்டிவனத்தில் எங்களோடு இருக்கிறார். நான் தினமும் விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மனைவி இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாமனாருக்கு விக்கிரவாண்டியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊரில் சொந்த நிலம். நெல்லும் மல்லாட்டையும் போடுவார், வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மாமியார் காலமாகிவிட்டார். ஒரே மகன் பெங்களூரில். அதனால் ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு பை நிறைய மல்லாட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அதை உப்புப் போட்டு வேகவைத்துத் தட்டில் கொட்டினால், இரண்டு பேரும் உரித்துத் தின்றுகொண்டே ஆரம்பித்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டு டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு இதைக் கேட்பார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார்.

அதெல்லாம் விளையாட்டுச் சண்டை. மாமனார் மாதம் தவறாமல் அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிறவர். அன்றைக்கு வீட்டில் கவிச்சி ஆகாது. என் அப்பாவுக்கோ சரியாக அமாவாசை அன்றுதான் கருவாட்டுக் குழம்பின் மேல் ஆசை வரும். "உங்க பொண்ணு வெச்ச நெத்திலிக் கருவாடு, வாசன உங்க ஊரு வரைக்கும் வருதா சம்பந்தி?" என்று போன் போட்டுக் கேட்பார். "நல்லா துன்னுங்க. மேல போனப்புறம் அம்மன்கிட்ட பதில் சொல்ல ஆள் வேணுமில்ல" என்பார் மாமனார் அந்தப் பக்கத்திலிருந்து. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமனார் பஸ் ஏறும்போதும் இதே கதைதான். "அடுத்த வாரம் வர்றேன், அதுக்குள்ள ஒரு பதில யோசிச்சு வைங்க சம்பந்தி." இரண்டு கிழவர்களுக்கும் இதைவிட்டால் வாரத்தில் வேறு சுவாரசியம் இல்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். மத்தியானம் கொஞ்சம் கண்ணயர விடமாட்டார்கள். ஆனால் மாமனார் வராத ஞாயிற்றுக்கிழமையில் அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் அதுவும் பாவமாக இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தது ஒரே ஒரு வாக்கியத்தில் கெட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வரும்போதே கடுப்பாக வந்தார். அவர் ஊரிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் உட்கார இடமில்லை. விக்கிரவாண்டி வரைக்கும் ஒரு கையில் பையும் ஒரு கையில் கம்பியுமாக நின்றுகொண்டு வந்திருக்கிறார். பஸ் முழுக்கப் பெண்கள். சாப்பாட்டில் உட்கார்ந்ததும் பேச்சு அதில்தான் தொடங்கியது. மரக்காணத்திலிருந்து வந்த சங்கரா மீன் குழம்பு. மனைவி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"பொம்பளைங்களுக்கு டிக்கெட்டு இல்லன்னு சொன்னாலும் சொன்னானுங்க, வூட்ல ஒருத்தி தங்க மாட்றா" என்றார் மாமனார். "வேல இருக்குதோ இல்லியோ ஏறிக்கினு போறாளுங்க. ஓசின்னா அவ்ளோ ருசி."

அப்பாவுக்கு முகம் மாறியது. "சம்பந்தி, நான் வாழ்க்க பூரா டிக்கெட் கிழிச்சவன். காசு பத்தாம கைக்கொழந்தயத் தூக்கிக்கினு வெயில்ல நடந்து போனவங்கள எத்தினி பேரப் பாத்துக்கிறேன் தெரியுமா. ஏத்திக்க முடியாம விசில் குடுத்துட்டுப் போயிருக்கேன். அவங்க இன்னிக்கு உக்காந்து போறாங்க. உங்களுக்கு இன்னா நஷ்டம்?"

"எனக்கு இன்னா நஷ்டம். நாட்டுக்குத்தான் நஷ்டம். ரேஷன்ல ஓசி அரிசி, பஸ்ல ஓசி டிக்கெட்டு. இப்புடியே போனா நெலத்துல கால வெக்க ஒருத்தன் வரமாட்டான். ஓசிச் சோறு துன்றவனுக்கு ரோஷம் இருக்காது சம்பந்தி."

அப்பா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நன்றாக நினைவிருக்கிறது, சிரித்துக்கொண்டேதான். வாதத்தில் எதிராளி வசமாக மாட்டிக்கொண்டான் என்ற சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

"அப்ப ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நீங்க இங்க வந்து துன்றது இன்னா சோறு?"

மாமனார் கையில் ஒரு துண்டு மீன் இருந்தது. அதைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். சொம்பை இழுத்து, பாதி சாப்பிட்ட சோற்றின் மேலேயே தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவினார். சோற்றுச் சட்டியோடு வந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள். சாப்பாட்டின் பாதியில் தட்டில் கை கழுவினால், இனி இந்த வீட்டில் சாப்பிட மாட்டேன் என்று எங்கள் பக்கத்தில் அர்த்தம். அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, பையை மட்டும் விட்டுவிட்டுப் போனார். பை நிறைய அவர் நிலத்து மல்லாட்டை இருந்தது. அவர் ஒருநாளும் வெறும் கையோடு வந்ததில்லையே என்று அப்பாவிடம் சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. பிறகு சொன்னேன். "தெரியுது, தெரியுது, இப்ப இன்னா பண்ணச் சொல்ற" என்று எரிந்து விழுந்தார்.

அதற்குப் பிறகும் மாமனார் வராமல் இல்லை. பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்தார். என் மனைவிக்குக் காய்ச்சல் என்றால் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆனால் கை நனைக்கவில்லை. தண்ணீர் பாட்டிலைக்கூடத் தன் பையில் எடுத்து வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து அதிலிருந்து குடித்துவிட்டு எழுந்து போனார். காபி கொண்டுவந்து வைத்தால் ஆடை கட்டும் வரைக்கும் அப்படியே இருக்கும். அப்பா தன் வழியில் என்னென்னவோ செய்து பார்த்தார். மன்னிப்புக் கேட்பது அவருக்குத் தெரியாத வேலை. அதனால் மாமனாருக்குப் பிடிக்குமே என்று கடைக்குப் போய்ச் சூடாக வெங்காயப் பக்கோடா வாங்கி வந்து, பேப்பரை நடுவில் விரித்து வைத்துவிட்டு, தானும் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அது எறும்பு வந்த பிறகு குப்பைக்குப் போனது.

என் மனைவி இதைப் பற்றி யாரிடமும் சண்டை போடவில்லை. ஒரு தடவை மட்டும் என்னிடம் சொன்னாள். "எங்கப்பா என் வூட்ல பச்சத் தண்ணி குடிக்கலன்னா, நான் இங்க இன்னா வாழறேன்னு எனக்கே தெரியலிங்க."  அப்பாவைத் திட்டலாம், திட்டினேன். மாமனாரிடம் கெஞ்சலாம், கெஞ்சினேன். "உங்கமேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல மாப்ள" என்றார் அவர். என்மேல் வருத்தம் இருந்தாலாவது காலில் விழுந்து முடித்திருப்பேன்.

போன வருஷம் மாமனாரின் வலது காலில் புண் வந்தது. வயலில் ஏதோ முள் குத்தியதை அவர் பொருட்படுத்தவில்லை. அவருக்குச் சர்க்கரை உண்டு, காலையும் இரவும் ஊசி போட்டுக்கொள்கிறவர். கட்டைவிரல் கறுக்கத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கே சொன்னார். பதறிக்கொண்டு அழைத்துப் போய்க் காட்டினோம். டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மருந்து பாதி, சாப்பாடு பாதி. ஊசி போட்டதும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், அரிசியைக் குறைக்க வேண்டும், காலை ஊன்றக் கூடாது, சர்க்கரை கட்டுக்குள் வந்தால் காலைக் காப்பாற்றலாம். கிராமத்தில் தனியாக இருக்கிற மனிதனுக்கு இதில் எது நடக்கும். மனைவி ஒரே பிடியாக நின்று அவரைத் திண்டிவனத்துக்கு அழைத்து வந்தாள். அவரும் ஒரு நிபந்தனையோடு வந்தார்.

"வந்து படுத்துக்கறேன் மாப்ள. சோறு மட்டும் வெளியிலருந்து வரட்டும். காசு நான் குடுத்துடறேன்."

இப்படி ஒரு கூத்து வேறு எந்த வீட்டிலாவது நடந்திருக்குமா என்று தெரியவில்லை. வீட்டில் அடுப்பு எரிகிறது, குழம்பு கொதிக்கிறது, மனைவியைப் பெற்ற அப்பா அறையில் படுத்திருக்கிறார். அவருக்கு நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்ஸில் வரிசையில் நின்று பார்சல் வாங்கிக்கொண்டு வருகிறேன். பிரித்தால் குன்று மாதிரி வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்குப் பொரியல். மனைவி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சர்க்கரை இறங்கவே இல்லை. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் புண் ஈரமாகவே இருந்தது. கட்டு மாற்ற வரும் நர்ஸம்மா என் மனைவியைத்தான் கேட்டார், "வீட்ல என்னம்மா சமைச்சுப் போடறீங்க?" என்று. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

யோசனை அவளுடையதுதான். நம் வீட்டிலேயே சமைத்து, மெஸ் பார்சல் மாதிரி கட்டிக் கொடுத்துவிடலாம் என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அப்பா உடனே எழுந்து உட்கார்ந்தார். வருஷக்கணக்கில் டிப்போவில் பார்சல் சாப்பிட்டவர் அவர். எங்கிருந்தோ பழைய பேப்பரும் வாழை இலையும் வெள்ளை நூலும் கொண்டுவந்தார். நான் ஒரு பொட்டலம் கட்டிக் காட்டியதும், "இது கல்யாண வூட்டுப் பொட்டலம். மெஸ்காரன் இவ்ளோ பொறுமையா கட்டுவானா?" என்று பிரித்துவிட்டு, தானே ஒரு சுற்றுச் சுற்றிப் பல்லால் நூலை அறுத்தார். கேப்பைக் களி எந்த மெஸ்ஸில் கிடைக்கும் என்று நான் கேட்டதற்கும் அவரிடம் பதில் இருந்தது. அறை வாசலில் போய் நின்று சத்தமாகச் சொன்னார்.

"சம்பந்தி, சக்கரைக்காரங்களுக்குன்னே புதுசா ஒரு மெஸ்ஸு தொறந்துக்கிறாங்க. கேப்ப, கம்பு, கீரன்னு எல்லாம் போடறானாம். பையன அங்கேயே வாங்கச் சொல்லிட்டேன்."

"சரி" என்றார் மாமனார் உள்ளேயிருந்து.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனது நிறைகிறது. அதை மறைக்க மாட்டேன். மனைவி விடியும் முன்பே எழுந்து சமைப்பாள். அப்பா நூல் கட்டுவார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பி வருவேன், அறையின் ஜன்னல் தெருவைப் பார்த்தது என்பதால். மாமனார் பொட்டலத்தைப் பிரித்து நிதானமாகச் சாப்பிடுவார். எதையும் மிச்சம் வைப்பதில்லை. சாப்பிட்டு முடித்ததும் எனக்கு ஒரு செய்தி இருக்கும்.

"அந்த மெஸ்காரங்கிட்ட சொல்லுங்க மாப்ள, ரசம் நல்லாக்கீது. கூட்டுலதான் உப்பு ஒரு கல்லு தூக்கல்."

கதவுக்குப் பின்னால் நின்று மனைவி கேட்பாள். மறுநாள் உப்பு குறைந்திருக்கும். "இன்னிக்கு சரியா போட்டுக்கிறான்" என்பார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போவாள். புண் காயத் தொடங்கியது. விரலைச் சுற்றி நல்ல சதை வருகிறது, இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போனால் ஆறிவிடும் என்று நர்ஸம்மா சொன்னார். கிழவர்களுக்கும் தெம்பு வந்துவிட்டது. அப்பா கூடத்தில், மாமனார் அறையில், நடுவில் திறந்த கதவு, எதிரே டிவியில் செய்தி. பழையபடி சண்டை ஆரம்பமானது. யாருக்கு ஓட்டு விழும், யார் கூட்டணி எங்கே போகும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கத்திக்கொள்வார்கள். நான் தடுக்கவில்லை. சத்தம் வந்தால் வீடு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று எனக்கு விடுமுறை. மனைவி பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தாள். காலைப் பொட்டலத்தை அறையில் வைத்துவிட்டு வந்து நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். டிவியில் வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி யாரோ பேசினார்கள். மாமனார் ஊசி போட்டுக்கொண்டு, களியில் ஒரு உருண்டை பிடித்திருந்தார்.

"வேலக்கிப் போறேன் வேலக்கிப் போறேன்னு எல்லாரும் கெளம்பிட்டாளுங்க" என்றார் உள்ளேயிருந்து. "எந்த வூட்லயாவது நேரத்துக்கு அடுப்பு எரியுதா? அதான் தெருவுக்குத் தெரு மெஸ்ஸு வெச்சு சம்பாரிக்கிறானுங்க."

மனைவி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும். குனிந்து செருப்பின் வாரை இழுத்துப் போட்டாள். அப்பா அதைப் பார்த்துவிட்டார். தன் மருமகள் விடியும் முன்பே எழுந்து கேப்பை மாவைக் கிண்டியதைப் பார்த்தவர் அவர். நான் எழுந்திருப்பதற்குள் எழுந்துவிட்டார்.

"யோவ், நீ கையில உருட்டி வெச்சிக்கினு இருக்கிறியே, அது எந்த மெஸ்ஸு களின்னு நெனச்சிக்கினு இருக்க? உம் பொண்ணு இருட்டுல எந்திரிச்சு கிண்டின களிய்யா அது. இத்தினி நாளா நீ துன்றது பூரா அவ சமைச்சது. வேலக்கிப் போறவதான் உனக்கு சமைச்சுப் போடறா. துன்னுட்டு அவளையே பேசறியே."

கட்சிக்காகவோ கொள்கைக்காகவோ அவர் அப்படிக் கத்தவில்லை. மருமகளுக்காகக் கத்தினார். இருபது வருஷமாக அவள் அவருக்குப் போட்ட சோற்றுக்கு அவர் சொன்ன நன்றி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதைப் போய் அந்த நேரத்தில் சொன்னார்.

மாமனார் உருண்டையை இலையில் வைத்தார். பொட்டலத்தை முன்பு இருந்த மாதிரியே மடித்து, அந்த நூலையும் மேலே வைத்துத் தள்ளி வைத்தார். மனைவி செருப்போடு உள்ளே ஓடினாள். "அப்பா, ஊசி போட்டிருக்கீங்க, சாப்புடாம இருக்கக் கூடாதுப்பா." அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நானும் கெஞ்சிப் பார்த்தேன். அப்பா கதவோரம் நின்று, "சம்பந்தி, ஏதோ கோவத்துல... நீங்க சாப்புடுங்க" என்றார்.  கொஞ்ச நேரத்தில் மாமனாரின் சட்டை வேர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டது. கை நடுங்கியது. சர்க்கரை இறங்குகிறது என்று தெரிந்துவிட்டது. நான் சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தால் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். மனைவி என்ன நினைத்தாளோ, தெருவில் இறங்கி ஓடிப் பக்கத்து வீட்டில் பிஸ்கட்டும் ஒரு டம்ளர் டீயும் வாங்கிக்கொண்டு வந்தாள். "இது நம்ம வூட்டுது இல்லப்பா. பக்கத்து வூட்டக்கா குடுத்தாங்கப்பா. அவங்க டம்ளருப்பா இது, பாருங்க."

அதை அவர் குடித்தார். என் மனைவி கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிஸ்கட்டாக எடுத்துக் கொடுத்தாள். தன் வீட்டில் இருந்துகொண்டு பக்கத்து வீட்டுப் பிஸ்கட்டைத் தன் அப்பாவுக்கு ஊட்டுகிறவளை அன்றைக்குத்தான் பார்த்தேன். யாரிடம் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரையும் உட்காரவைத்து நாலு அறை விடலாம் போலவும், இரண்டு பேர் காலிலும் விழலாம் போலவும் இருந்தது.

சாயங்காலம் ஆட்டோ பிடித்து ஊருக்குப் போய்விட்டார். ஊரில் ஒரு தூரத்துச் சொந்தக்காரப் பெண் ஒருவேளை சமைத்துக் கொடுத்தாள். மற்ற வேளைக்கு ஹைவே ஓட்டலிலிருந்து இட்லியும் பரோட்டாவும் யாராவது வாங்கி வந்தார்கள். மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் போய் மூன்று நாளைக்குச் சமைத்து வைத்துவிட்டு வந்தாள். அவர் வீட்டில் அவள் சமைத்தால் சாப்பிடுவார், அதில் தடையில்லை. ஆனால் வாரத்துக்கு மூன்று நாள்தானா? வேலையை விட்டுவிடவா என்று என்னைக் கேட்டாள். வீட்டுக் கடனை நினைத்து நான் பேசாமல் இருந்தேன், அவளும் மறுநாள் பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டாள். புண் மறுபடியும் ஈரமானது. மழைக்காலம் தொடங்கும்போது கட்டைவிரலை எடுத்தார்கள். பக்கத்து விரலும் கறுத்து வருகிறது, இனி பாதத்துக்கு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

விரலை எடுத்துவிட்டு அவர் வீடு திரும்பிய வாரம், அப்பா தானாகவே சட்டை போட்டுக்கொண்டு வந்து, "வா, விக்கிரவாண்டிக்குப் போயிட்டு வரலாம்" என்றார். கரை வேட்டி கட்டவில்லை. வெறும் வெள்ளை வேட்டி. அங்கே போய் என்ன பேசப்போகிறார் என்று பஸ்ஸில் நான் கேட்கவில்லை. டோல்கேட் தாண்டி இறங்கி ஆட்டோவில் போனோம்.

மாமனார் கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்துவிட்டார். உட்காருங்கள் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "மொதல்ல சாப்புடுங்க சம்பந்தி, பேச்சு அப்புறம்" என்றார். கோழி அடிக்கச் சொன்னார். தெருவில் போனவரைக் கூப்பிட்டு வாழை இலை அறுத்துவரச் சொன்னார். நொண்டிக்கொண்டே வந்து அப்பாவின் இலையில் குழம்பைத் தன் கையாலேயே ஊற்றினார். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. எந்த வாயால் சொல்வார். மாமனார் போடப் போட, அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். 

கை கழுவிய பிறகு அப்பா சொன்னார். "சம்பந்தி, நீங்க எங்க வூட்டுக்கு வந்துடுங்க. கால் ஆறுற வரைக்கும் நான் விழுப்புரத்துல என் தங்கச்சி வூட்ல போயி இருந்துக்கறேன். உங்க கண்ணுல படமாட்டேன்."

"நீங்க எதுக்கு உங்க வூட்ட வுட்டுப் போவணும். உங்கமேல கோவம்லாம் எப்பவோ போயிடுச்சு."

"அப்ப வாங்க. சாப்புடாம கெடந்து இன்னும் எத்தினி வெரல குடுக்கப் போறீங்க?"

மாமனார் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை மறுபடியும் ஸ்டூலில் தூக்கி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மொத நாளே எனக்குத் தெரியும் சம்பந்தி. ரசத்த ஒரு வாய் வெச்சதுமே தெரிஞ்சிபோச்சு. அவ அம்மா வெக்கிற ரசம் அது, எந்த மெஸ்காரன் வெப்பான். எம் பொண்ணு கைன்னு தெரிஞ்சிக்கினுதான் சாப்ட்டேன். உப்பு தூக்கல், கீர நல்லாக்கீதுன்னு சொல்லிக்கினு இருந்ததும் அவளுக்குத்தான். நீங்களும் சொல்லல, நானும் கேக்கல. அப்புடியே ஓடிக்கினு இருந்துச்சு. நீங்க வாயத் தொறந்து சொல்லிட்டீங்க. சொன்னப்புறம் எப்புடி சாப்புடறது? நீங்களே சொல்லுங்க."

அப்பா எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். எந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு பதில் வைத்திருந்த மனிதர். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஊர் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினார். "நான் சொன்னது பொய் இல்லியேடா" என்றார். என்னைக் கேட்கிற மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது. பொய் இல்லை. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, என்ன சொன்னார் என்று கேட்டாள். மறைக்கலாமா என்று யோசித்தேன். மறைத்துத்தானே இவ்வளவும் ஆனது என்றும் தோன்றியது, சொல்லித்தானே இவ்வளவும் ஆனது என்றும் தோன்றியது. சொல்லிவிட்டேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சமையலறை வாசலில் சாய்ந்து நின்று மனதுக்குள் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சிக்கினுதான் சாப்ட்டாரா" என்றாள். பிறகு, "இன்னும் ஒரு மாசம் யாரும் ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தா புண்ணு ஆறியிருக்கும், இல்லிங்க?" என்று கேட்டாள்.